ஒன்பது அணாப் புத்தகம்

மராட்டிய மண்ணில் நம்மில் பலர் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகிறோம். ஞானேசுவரரையும் துக்காராமையும் நம்மவர் ஓரளவு அறிவர். பக்தி என்று வந்துவிட்டால் மொழி வேலியைத் தாண்டிவிடுகிறோம். மராட்டி உரைநடைக்கு அத்தகைய வரவேற்பு நம் வீடுகளில் இல்லை. அதிலும் ஒரு பெண் ஆண்களை நேருக்கு நேர் நிறுத்தி வழக்காடிய உரைநடைக்கு இல்லவே இல்லை. ஆகவேதான் தாராபாய் ஷிண்டே எழுதிய 'ஸ்திரீ புருஷ துலனா' என்னும் சிறு நூலை இங்கு எடுத்துக்கொண்டோம். பெண்ணையும் ஆணையும் ஒப்பிடுதல் என்பது தலைப்பின் பொருள். 1882-இல் புணே நகரின் ஸ்ரீ சிவாஜி அச்சகத்தில் 500 படிகள் அச்சாயின. விலை 9 அணா.

நூலுக்குக் காரணமாக அமைந்தது ஒரு கொலை வழக்கு. சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் பிராமண விதவை, தாம் பெற்ற சிசுவைக் கொன்றதாக 1881-இல் தூக்குத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் உயிர் தப்பினார். மறுமணம் செய்யக் கூடாது என்று தடுத்த சமூகம், கருவுற்றதும் அவளை மட்டுமே கூண்டில் ஏற்றியது. இதைச் சாக்காகக் கொண்டு, பழைமை பேசிய 'புணே வைபவ்' ஏடு பெண்குலம் முழுவதையுமே ஏசத் தொடங்கிற்று. அதற்கு எழுந்த மறுமொழியே இந்நூல்.

தாராபாய் பிறந்தது 1850-இல். பேரார் பகுதியில் உள்ள புல்டாணா அவருடைய ஊர். தந்தை பாபுஜி ஹரி ஷிண்டே அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஜோதிராவ் புலே தொடங்கிய சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்தவர். குமாஸ்தா வீட்டில் இப்படி ஒரு பேனா பிறந்ததில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்? கணவர் மாமனார் வீட்டோடு வந்து வாழ்ந்தவர்; குழந்தைகள் இல்லை. இந்த இல்வாழ்க்கையைத் தாராபாய் கதையாகச் சொல்லவில்லை. எனினும் நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் சொந்தக் கோபம் தெரிகிறது. அந்தரங்க நூல் என்றால் அந்தரங்கத்தைக் கடை விரிப்பது என்று எண்ணுவோர் இவரைப் படித்துப் பார்க்கவேண்டும்.

முன்னுரையில், தாம் வீட்டுக்குள் அடைபட்ட அறிவற்ற எளிய பெண் என்று பணிந்து நிற்கிறார். 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று கோப்புகளில் நாள்தோறும் எழுதும் நமக்கு இந்தப் பணிவின் பொருள் தெரியும். பணிவு முடிந்த மறுகணமே வழக்கு தொடங்கிவிடுகிறது. பெண்ணிடம் உள்ளதாகச் சொல்லப்படும் வஞ்சகம், சபலம், அறிவின்மை முதலிய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். அதே குற்றம் ஆணிடம் இல்லையா என்று கேட்கிறார். மனைவி இறந்தால் ஆண் மீசையை மழித்துக்கொண்டு காட்டுக்குப் போவதில்லையே, விதவைக்கு மட்டும் ஏன் அந்தக் கோலம் என்பது அவர் கேள்வி. சாத்திரம் எழுதியவர்களையும், மேடையில் சீர்திருத்தம் பேசி வீட்டில் வாய்மூடும் படித்தவர்களையும், பெண்ணைப் பொம்மையாக்கிய நாவலாசிரியர்களையும் அவர் விடவில்லை.

எல்லாவற்றிலும் கூர்மையானது சாவித்திரியைப் பற்றிய இடம். கணவனுக்காக எமனைப் பின்தொடர்ந்தவள் அவள். மனைவியின் உயிருக்காக அந்த வழியில் நடந்த ஆண் ஒருவன் உண்டா என்கிறார். ஆண்டுதோறும் மாதுங்காவிலும் செம்பூரிலும் காரடையான் நோன்பு நோற்று மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் இல்லங்களில் இக்கேள்வியை ஒருமுறை உரக்கப் படித்தால் என்ன ஆகும்? அடை இனிப்பாகத்தான் இருக்கும். பேச்சு எப்படியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

நூலில் குறை இல்லாமல் இல்லை. வாதம் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 'ஆண்களே' என்ற ஒரே விளியில் நல்லவரும் தீயவரும் அடிபடுகின்றனர். ஆயினும் பண்டித நடையைத் தள்ளிவிட்டு, அடுக்களையிலும் கிணற்றடியிலும் புழங்கும் மராட்டியின் ஏச்சையும் ஏளனத்தையுமே வாத நடையாக்கியது பெரிய சாதனை. ஒழுங்காகப் பகுத்து எழுதியிருந்தால் இந்தச் சூடு ஆறிப்போயிருக்கும் என்றே கருதுகிறோம்.

வெளிவந்ததும் ஏளனம் எழுந்தது. தந்தை சார்ந்த இயக்கத்தாரிடமிருந்தும் எழுந்தது. புலே ஒருவர்தாம் 1885-இல் தமது 'சத்சார்' இதழில் தாராபாய்க்காகப் பரிந்து, சொந்தத் தோழர்களையே கடிந்து எழுதினார். அதற்குப் பின் தாராபாய் பெயரில் நூல் ஏதும் வரவில்லை. 1975-இல் ஸ. கங். மால்ஷே மறுபதிப்பாகக் கொணரும் வரை இந்த நூலும் மறக்கப்பட்டே கிடந்தது. ரோசலிண்ட் ஓஹான்லனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1994-இல் வந்தது.

இங்கே வை. மு. கோதைநாயகி அம்மாள் நம் நினைவுக்கு வருகிறார். 1925 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'ஜகன்மோகினி'யைத் தாமே நடத்தி, 115 நாவல்கள் எழுதியவர். இளவயது மணமும் விதவைத் துயரும் அவரிடம் கதைத் திரைக்குப் பின்னிருந்து பேசின. கூர்மையில் எந்த ஒரு நாவலும் தாராபாயின் சிறு நூலுக்கு ஈடாகாது என்பது நம் கணிப்பு. ஆனால் அம்மாளுக்கு இரண்டாவது நூல் இருந்தது. நூறாவது நூலும் இருந்தது. பத்திரிகை அவர் கையில் இருந்தது. மாதந்தோறும் காத்திருந்த வாசகியர் இருந்தனர். தாராபாய்க்கு இருந்தது ஒரு புலேயின் ஆதரவு மட்டுமே.

இன்று சொந்தச் செலவில் நூறு படிகள் அச்சிடுவது மாதச் சம்பளக்காரருக்கும் எட்டாத காரியமன்று. தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து, அலுவலகம் சென்று, தாமே துணை தேடும் நம் பெண்மக்கள், தாம் கண்ட ஆண்களைப் பற்றி எழுதத்தான் போகிறார்கள். அப்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, வாதம் சரியா என்பதாக இருக்குமா, இன்னார் மகளா இவள் என்பதாக இருக்குமா? சில ஆண்டு மலர்களில் பெண்களுக்கென்று ஒதுக்கும் பக்கங்கள் கோலத்தோடும் சமையற் குறிப்போடும் முடிந்துவிடுவதைப் பார்க்கையில், விடை நமக்கு அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை.

மராட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் வீடுதோறும் இருக்கிறார்கள். சாவித்திரி வரும் பக்கத்தை அவர்களைக்கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கலாம், தாத்தாக்களும் உடனிருக்கட்டும்.