கமலாவை வாங்கியவர்கள்

விஜய் டெண்டுல்கரின் 'கமலா'வைப் பெண் விடுதலை நாடகமாக மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரிப் பாடத்திட்டங்களுக்குள் அது போனபின் இந்த வாசிப்பு இன்னும் இறுகிவிட்டது. சந்தையிலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்ட பெண், அந்த வீட்டு எஜமானி ஸரிதாவுக்கு நீயும் ஒரு அடிமைதான் என்று உணர்த்துகிறாள்; அத்தோடு விளக்கம் முடிந்தது. இது தவறான வாசிப்பு இல்லை. ஆனால் அந்த வீட்டு ஆண் கணவன் மட்டுமல்ல, அவன் ஒரு நிருபன். அந்தத் தொழிலைப் பிடுங்கிவிட்டு அவனை ஒரு பாங்க் அதிகாரியாக்கிப் பாருங்கள், நாடகமே மிஞ்சாது. டெண்டுல்கர் மராத்திப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்களில் வேலை பார்த்தவர். செய்தி எப்படித் தயாராகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதிய நாடகம் இது.

மூலச் சம்பவம் தெரிந்ததுதான். 1981 ஏப்ரலில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நிருபர் அசுவினி ஸரின், பெண்கள் விற்கப்படுவதை நிரூபிப்பதற்காகத் தானே 2,300 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணை வாங்கி, வாங்கியதைப் பத்திரிகையில் எழுதினார். நாடு அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் பின்னணியையும் பார்க்க வேண்டும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது பெரும்பாலான பத்திரிகைகள் தணிக்கைக்குப் பணிந்துபோயின. 1977க்குப் பிறகு அந்த வெட்கத்தைக் கழுவிக்கொள்ளும் வேகம் அவற்றுக்கு இருந்தது. துப்பறியும் பத்திரிகைத் தொழில் என்று ஒன்று திடீரென்று கௌரவம் பெற்றது. வெறும் ஆர்ப்பாட்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பீகாரில் பாகல்பூர் விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீஸார் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கிய கொடுமை 1980ல் வெளிவந்தது இதே வேகத்தில்தான். உச்ச நீதிமன்றம் வரை அது போனது.

ஆனால் பாகல்பூரையும் கமலாவையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாகல்பூரில் காயம் ஏற்கனவே இருந்தது. நிருபர் அதைப் பார்த்தார், எழுதினார். இங்கே எழுதுவதற்கான சம்பவத்தை நிருபரே நடத்திவைக்கிறார். சந்தை இருந்தது உண்மை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட விற்பனை அவர் பணத்தால் நடந்தது. விற்றவன் கைக்குப் பணம் போயிற்று. இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. வாங்காமல் எழுதியிருந்தால் மந்திரிகள் ஒரு வரியில் மறுத்திருப்பார்கள், மாவட்ட அதிகாரி அப்படி எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டிருப்பார். இந்த தேசத்தில் ஏழையின் வாய்ச்சொல் சாட்சியம் ஆவதில்லை, ரசீது வேண்டும். சரி, ரசீதாக இருப்பது ஒரு மனுஷி என்றால்? வாங்கியவனுக்கு அவளிடம் உள்ள கடமை செய்தி அச்சான மறுநாள் முடிந்துவிடுகிறதா? டெண்டுல்கர் தொடங்குவது இங்கேதான்.

நாடகத்தில் ஜெய்சிங் ஜாதவ் 250 ரூபாய்க்கு வாங்கிய கமலாவை டில்லி வீட்டுக்கு அழைத்துவருகிறான். அடுத்து பத்திரிகையாளர் கூட்டம். கிழிந்த புடவையோடேயே அவள் வர வேண்டும் என்கிறான். சாட்சியம் கெட்டுவிடக்கூடாதல்லவா. எங்கே, எதற்குப் போகிறோம் என்று அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. இந்தச் சின்ன விவரத்தில் எத்தனை இருக்கிறது! செய்தியின் நாயகிக்குத் தான் ஒரு செய்தி என்பது தெரியாது. அவள் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் தன்னை ஒருவன் வாங்கியிருக்கிறான், அவனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

அந்தக் கூட்டத்தை டெண்டுல்கர் மேடையில் காட்டவில்லை. நாடகத்தின் ஆகச் சிறந்த முடிவு இது என்று நினைக்கிறேன். ஜெய்சிங்கும் அவன் நண்பன் ஜெயினும் திரும்பிவந்து, குடித்துச் சிரித்தபடி, அங்கே யார் யார் என்னென்ன ஆபாசக் கேள்விகள் கேட்டார்கள் என்று நடித்துக்காட்டுகிறார்கள். ஸரிதா கேட்டுக்கொண்டிருக்கிறாள். கூட்டத்தையே மேடையேற்றியிருந்தால் பார்வையாளர்களாகிய நாம் நிருபர்களின் நாற்காலியில் உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருப்போம். தார்மீகக் கோபம் என்ற பெயரில் அதே வேடிக்கை. சிரிப்பை மட்டும் கேட்கவைத்ததால் நம் பார்வை ஸரிதாவின் முகத்துக்குத் திரும்புகிறது. நம் தினசரிகளுக்கு இந்த நாசூக்கு எட்டாதது. விபசார வழக்கில் பிடிபட்ட பெண்ணை 'அழகி' என்று தலைப்பில் போட்டு, படத்தையும் போட்டு, கீழே சமூகச் சீரழிவைப் பற்றிக் கண்ணீர் வடித்த தமிழ்ப் பத்திரிகைகளை நாம் பார்த்துத்தானே வளர்ந்தோம். ஜெய்சிங்காவது ஆபத்தை ஏற்றான்.

அன்றிரவு கமலா ஸரிதாவிடம், உன்னை என்ன விலைக்கு வாங்கினான் என்று கேட்கிறாள். விமர்சகர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். கேள்வியில் குத்தல் ஏதுமில்லை, சந்தைக்குப் போய்வந்த இருவர் பேசிக்கொள்ளும் இயல்பு. பிறகு வீட்டு வேலையையும் கணவனையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று நியாயமான ஒரு திட்டமும் சொல்கிறாள். நாடகத்தில் தெளிவாக யோசிக்கும் ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றும். ஜெயின் ஸரிதாவைக் கொத்தடிமை என்று கேலியாக விளிப்பதும் இதுவும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. அவன் அதை நகைச்சுவை என்று நினைக்கிறான்.

காகாஸாஹேப் என்ற பெரியவரைப் பலர் கவனிப்பதில்லை. சிறு ஊரில் பழைய பாணியில் மராத்திப் பத்திரிகை நடத்துகிறவர். மக்களை விழிக்கச் செய்கிறோம் என்றால் ஏன் அவர்கள் படிக்காத ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார். ஜெய்சிங்கிடம் பதிலில்லை. விற்றவர்களும் வாங்குகிறவர்களும் விற்கப்பட்டவர்களும் படிக்காத ஒரு பாஷையில், காலைக் காப்பியோடு அதிரத் தயாராக இருக்கும் ஒரு வர்க்கத்துக்காகச் செய்தி எழுதப்படுகிறது. தாய்மொழியில் எழுதிவிட்டால் மட்டும் யோக்கியம் வந்துவிடாது என்பதற்கு நம்மிடம் வேண்டிய சாட்சி உண்டு, அது வேறு விஷயம்.

இவ்வளவு தூரம் வந்த டெண்டுல்கர் பின்பாதியில் தப்பித்துக்கொள்கிறார். கமலாவைக் காப்பகத்தில் விட்டாயிற்று; அதோடு அவள் மேடையை விட்டும் போய்விடுகிறாள். பெரிய இடத்து மனிதர்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் முதலாளி ஜெய்சிங்கை வேலையை விட்டு நீக்குகிறார். உடனே அவனும் முதலாளியின் அடிமை, பாவம், என்றாகிவிடுகிறது. பத்திரிகையாளர் கூட்டம் கூட்டி இவனை அடிமை வைத்திருப்பவனாக நிறுத்துவேன் என்று கிளம்பிய ஸரிதா, அவன் வீழ்ந்து கிடப்பதைப் பார்த்துத் தன் கலகத்தை ஒத்திப்போடுகிறாள். ஸரிதா அப்படிச் செய்வது நம்பத்தகுந்ததுதான். ஆனால் ஜெய்சிங் கமலாவுக்குச் செய்ததற்கும் முதலாளி ஜெய்சிங்குக்குச் செய்ததற்கும் ஒரே பெயர் வைப்பது கணக்கை மழுப்பும் காரியம். வேலை போனவன் இன்னொரு பத்திரிகைக்குப் போகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெய்சிங் தன் செய்திக்காகக் கமலாவை உபயோகித்தான். டெண்டுல்கர் ஸரிதாவின் விழிப்புக்காக உபயோகித்தார். இருவருக்கும் வேலை முடிந்ததும் அவள் தேவைப்படவில்லை.

நாடகத்துக்கு வெளியே நடந்தது இதைவிடக் கூர்மையானது. ஜக்மோகன் முந்த்ரா 1984ல் இந்த நாடகத்தைப் படமாக்கினார். ஷபானா ஆஸ்மி ஸரிதாவாகவும் தீப்தி நாவல் கமலாவாகவும் நடித்தார்கள். அந்தச் செய்திக் கட்டுரைகளின் பதிப்புரிமை தங்களுடையது, படம் அதை மீறுகிறது என்று பத்திரிகை நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நடந்த சம்பவத்துக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. கமலாவின் கதை யாருடைய சொத்து என்று பத்திரிகைத் தரப்பும் சினிமாத் தரப்பும் வக்கீல் வைத்து வாதாடிய அந்த வழக்கில், வாதிகள் பட்டியலிலும் பிரதிவாதிகள் பட்டியலிலும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.