பழைய காருக்குப் புது மூளை: பத்தாவது வருடத்தின் விமர்சனம்

பழைய காரை 'ஸ்மார்ட்' ஆக்கும் கருவிகளைப் பற்றி இணையத்தில் வருகிற விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் வார விமர்சனங்கள். மாட்டுவது சுலபமா, ஆப் அழகா, திரை பளிச்சென்று இருக்கா என்று பார்ப்பார்கள். பத்தாவது வருடத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனா கார் என்பது பத்து வருடம் கழித்தும் ஓடுகிற பொருள். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது 2024-ல் 12.6 ஆண்டுகள். அதனால் இந்தக் கருவிகளை அந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்கணும்.

முதலில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களிலும் டாஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட் ஒன்று உண்டு. பெயர் ஓபிடி-2. புகை மாசைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு இது. 'செக் என்ஜின்' விளக்கு ஏன் எரிகிறது என்று மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பது இங்கேதான். 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். 2008 மாடல் முதல் 6, 14 பின்களில் கேன் பஸ் கட்டாயம். மின்சாரமும் தகவலும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது கருவி செய்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தச் சாக்கெட்டை நம்பி வந்தவற்றில் பேர் வாங்கியது ஆட்டோமேட்டிக். 2013-ல் வந்தது. பயணக் கணக்கு, பார்க்கிங் இடம், விபத்து நடந்தால் உதவிக்கு அழைப்பு என்று நல்ல யோசனைகள். 2016-ல் வந்த 'புரோ' மாடலில் 5 வருட 3ஜி இணைப்பை விலையிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். 2017-ல் சிரியஸ் எக்ஸ்எம் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2020 மே மாதம் சேவை மூடப்பட்டது. அதாவது 5 வருட இணைப்போடு விற்ற பொருளுக்கு 4 வருடம்கூட முழுசா ஆகவில்லை. சாக்கெட்டும் கருவியும் காரும் நன்றாகவே இருந்தன. சர்வர்தான் இல்லை.

ஸ்பாட்டிஃபையின் 'கார் திங்' கதையும் கிட்டத்தட்ட இதேதான். திரை இல்லாத பழைய கார்களுக்கான சின்னத் திரை அது. 2022 பிப்ரவரியில் பொது விற்பனைக்கு வந்தது. அதே வருடம் ஜூலையில் உற்பத்தி நின்றது. 2024 டிசம்பர் 9-க்குப் பிறகு எதுவும் வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ரசீது காட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. பொருள் குப்பைக்குப் போனது.

பணம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் பிரேக். கேன் பஸ்ஸை பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியபோது, அது காருக்குள்ளேயே பேசிக்கொள்ளும் மூடிய வலை. அனுப்பியது யார் என்று அதில் சரிபார்ப்பு கிடையாது. வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள் என்ற நம்பிக்கை. அந்த வீட்டுக்கு நாம் ஒரு சிம் கார்டை விருந்தாளியாகக் கூட்டி வருகிறோம். 2015-ல் சான் டியேகோ, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி ஒரு செருகு கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, ஒரு கார்வெட் காரின் வைப்பரை ஓடவிட்டார்கள். குறைந்த வேகத்தில் பிரேக்கையும் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அந்த மாடல் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரே ரகசியச் சாவி இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். என் தொழிலில் இருக்கும் யாருக்கும் இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

'ஃபேக்டரியிலேயே இணையத்தோடு வந்த ஜீப்பையும் அதே வருடம் ஹேக் செய்தார்களே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா அப்போது 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் தர ஒரு கார் கம்பெனி இருந்தது. யூஎஸ்பி டிரைவை வீட்டுக்கே தபாலில் அனுப்பினார்கள். அதன் பிறகு வந்த சில கார்களில் அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு காவல் கதவும் வைத்தார்கள். பழைய காரில் அந்தக் கதவு கிடையாது. செருகு கருவி செய்தவர் கடையை மூடிவிட்டால், ஓட்டையை அடைக்கவும் ஆள் கிடையாது.

அப்போ எல்லாமே வீணா? இல்லை. சாதாரண ப்ளூடூத் ஓபிடி ரீடர் நல்ல பொருள். போனோடு மட்டும் பேசும், பழுதுக் குறியீட்டைக் காட்டும், வேலை முடிந்ததும் பிடுங்கி வைத்துவிடலாம். மலிவான ரீடர்களில் இணைப்புக்கான பூட்டு பெயரளவுக்குத்தான் என்பதால், பிடுங்கி வைப்பது முக்கியம். 2014-ல் அறிமுகமான கார்பிளே, ஆண்ட்ராய்ட் ஆட்டோ வகைத் திரைகளும் சரியான வடிவமைப்புதான். மூளை போனில் இருக்கிறது. காரில் இருப்பது கண்ணாடியும் ஸ்பீக்கரும் மட்டும். போனை மாற்றினால் காரும் புதுசாகிவிடும்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு கருவியைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கம்பெனியின் சர்வர் நின்றால் இது என்ன செய்யும்? காரின் வலைக்குள் இது படிக்க மட்டும் செய்யுமா, எழுதவும் செய்யுமா? நீங்கள் காரை விட்டு இறங்கிய பிறகும் இது விழித்திருக்குமா? பெட்டியின் மேல் இதற்கெல்லாம் பதில் இருக்காது. பதில் கிடைக்கிற வரைக்கும் சாக்கெட் காலியாகவே இருக்கட்டும்.