பயணிக்கான அரபித் தொடர்கள்: ஒரு மதிப்பீடு

அரபு நாடுகளுக்குச் செல்வோர் புறப்படுமுன் முப்பது நாற்பது தொடர்களை மனப்பாடம் செய்துகொள்வதும், அதற்கென்றே அச்சிடப்படும் சிறு கைநூல்களை வாங்கி வைத்துக்கொள்வதும் பரவலான வழக்கம். கற்கும் தொடர்கள் சிலவே என்பது இவ்வழக்கத்தின் பெருங்குறையன்று. வினவுவதற்குப் பயிற்றும் கைநூல், எதிரே இருப்பவர் தரும் பதிலைப் புரிந்துகொள்ளப் பயிற்றுவதில்லை என்பதே அதன் அடிப்படைக் குறை.

முகமன் கூறும் இடத்தில் இக்குறை தோன்றுவதில்லை. அரபியில் முகமன்கள் பெரும்பாலும் இணையாகவே வருவன: 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதற்கு 'வ அலைக்கும் ஸலாம்', காலையில் ஒருவர் 'ஸபாஹுல் கைர்' என்றால் மற்றவர் 'ஸபாஹுந் நூர்' என்பார், 'ஷுக்ரன்' என்னும் நன்றிக்கு 'அஃப்வன்' மறுமொழி. பதில் இன்னதென்று மரபே வரையறுத்துவிட்டதால் மனப்பாடம் இங்கே முழுப் பயனைத் தருகிறது. மொராக்கோ முதல் ஓமன் வரை இவை செல்லுபடியாகும். கைநூலுக்குக் கொடுத்த விலைக்கு இந்த ஐந்தாறு தொடர்களே போதும்.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில் தொடங்குகிறது. ஒரே சமூகம் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவத்தையும் அன்றாடப் பேச்சுக்கு வேறொரு வடிவத்தையும் கையாளும் நிலையை இரட்டை வழக்கு என்பர். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இதை விளக்கி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு முதன்மைச் சான்றுகளுள் அரபியும் ஒன்று. 'ஃபுஸ்ஹா' எனப்படும் எழுத்து வழக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது; 'ஆம்மிய்யா' எனப்படும் பேச்சு வழக்கோ நாட்டுக்கு நாடு மாறுவது. 'எனக்கு வேண்டும்' என்பது ஃபுஸ்ஹாவில் 'உரீது'. கெய்ரோவில் ஆண் 'ஆயிஸ்' என்றும் பெண் 'ஆயிஸா' என்றும் சொல்வர். டமாஸ்கஸில் அது 'பித்தி', மொராக்கோவில் 'ப்கீத்'. பள்ளியும் செய்தி ஒளிபரப்பும் பழக்கியிருப்பதால் ஃபுஸ்ஹாவில் கேட்டாலும் கடைக்காரருக்குப் புரியும். செந்தமிழில் கத்தரிக்காய் விலை கேட்பவரைக் கோயம்பேட்டு வியாபாரி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, பதிலை மட்டும் தம் வழக்கில் சொல்வார். எகிப்தியத் திரைப்படங்களால் கெய்ரோ வழக்கு அரபுலகெங்கும் பழகிய ஒன்றாகிவிட்டதால் அதையே கற்கலாம் என்னும் யோசனை நியாயமானதுதான். ஆயினும் அது பயணியின் பேச்சைப் பிறருக்கு விளங்கவைக்குமே ஒழிய, மொராக்கோக்காரரின் பதிலைப் பயணிக்கு விளக்காது.

தமிழ் எழுத்தில் அச்சான கைநூல்களில் இன்னொரு மயக்கமும் சேர்கிறது. அத்திப்பழம், களிமண், மார்க்கம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று அரபிச் சொற்களின் முதலெழுத்துகள் வெவ்வேறானவை. தமிழில் எழுதினால் மூன்றும் 'தீன்' ஆகிவிடும். எல்லா மயக்கமும் கேடு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அரபியில் வல்லோசைப் பகரம் இல்லாததால், கதவைக் குறிக்கும் 'பாப்' என்பதை எப்படி ஒலித்தாலும் கேட்பவர் சரியாகவே கொள்வார். தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்தில் புதிய குறிகளைச் சேர்த்துக்கொண்ட அரபுத்தமிழ், இச்சிக்கலை மறுதிசையில் என்றோ தீர்த்தது.

வினாத்தொடர்களுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை எண்களுக்குச் செலவிடுவது மேல், ஏனெனில் 'எவ்வளவு' என்பதற்கு வரும் பதில் எண்ணே. அதிலும் பழக்கம் தேவை: இருபத்தைந்தை 'கம்ஸா வ இஷ்ரீன்' என, ஐந்தை முன்னும் இருபதைப் பின்னுமாகச் சொல்வர். எகிப்திலும் அதன் கிழக்கேயும் வழங்கும் இலக்கங்களில் ஐந்து சிறு வட்டமாகவும் பூஜ்யம் வெறும் புள்ளியாகவும் இருக்கும். கெய்ரோப் பழக்கடையின் விலை அட்டையில் வட்டமும் புள்ளியும் இருந்தால் அது ஐம்பது. எழுத்து வலமிருந்து ஓடினாலும் இலக்கங்கள் இடமிருந்தே அடுக்கப்படும்.

துபாயிலும் தோஹாவிலும் டாக்சி ஓட்டுநரும் கடைப் பணியாளரும் பெரும்பாலும் தெற்காசியர்களாதலால் அரபித் தொடர்கள் அங்கே மரியாதைக்கு மட்டுமே பயன்படுகின்றன. உம்ரா என்னும் புனிதப் பயணம் செல்லும் தமிழ் முஸ்லிம்களின் நிலை வேறு. மதரஸாவில் ஓதிப் பழகிய அவர்களுக்கு எழுத்தைக் கூட்டத் தெரியும். ஆனால் குர்ஆன் பிரதிகளில் குறிலொலிகளைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் ஆகிய குறிகள் அறிவிப்புப் பலகைகளில் இரா. குறியில்லாத சொல்லை அது முன்பே தெரிந்தவரே தடுமாறாமல் வாசிக்க முடியும் என்பதால், 'மத்கல்' என்னும் நுழைவாயில், 'மக்ரஜ்' என்னும் வெளிவாயில் போன்ற பலகைச் சொற்களே வாக்கியங்களுக்கு முன்பாக அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டியவை.