பேரை மாற்றினாலும் சிக்கிவிடும்!

அண்ணனின் பழைய ஹார்டு டிஸ்க். அதில் எங்கோ அப்பாவின் போட்டோக்கள் கிடக்கின்றன. எந்த ஃபோல்டரில் என்று யாருக்கும் நினைவில்லை. படங்களைத் தேடினால் ஐகான், பட்டன், வால்பேப்பர் என்று ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. வெறுத்துப்போய், ஆட்டாப்சி என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கை ஏற்றி, என்எஸ்ஆர்எல் ஹாஷ் பட்டியலையும் இணைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் 'தெரிந்த கோப்புகளை மறை' என்று ஒரு டிக். அடேயப்பா! விண்டோஸ் கோப்புகள் கூட்டம் கூட்டமாகக் காணோம். விண்டோஸ் எக்ஸ்பி வால்பேப்பரான அந்தப் பச்சைப் புல்மேடுகூடப் போயிருந்தது!

என்எஸ்ஆர்எல் என்பது அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் மேரிலாந்தில் நடத்தும் மென்பொருள் நூலகம். அசல் சிடி, ஃபிளாப்பிகளைச் சேர்த்து வைத்து, உள்ளிருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, அதாவது ஹாஷை, கணக்கிட்டு, அந்தப் பட்டியலை இலவசமாகவே தருகிறார்கள். தடயவியல்காரர்களுக்காகச் செய்தது, என்னைப் போன்ற ஆசாமிக்கும் உதவுகிறது.

நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். நோட்பேட் புரோகிராமை நகலெடுத்து 'கல்யாண போட்டோ' என்று பேர் வைத்தேன். அசரவில்லை, கண்டுபிடித்துவிட்டது! பேரையா பார்க்கிறது, உள்ளே இருப்பதையல்லவா பார்க்கிறது. அடுத்து அதன் கடைசியில் ஒரே ஒரு பைட் சேர்த்தேன். ஷா-1 என்ற ஹாஷ் முறை தரும் 40 எழுத்துக் குறியீடே தலைகீழாக மாறி, பட்டியலுக்கே அந்நியமாகிவிட்டது. இன்னொரு வேடிக்கை: உலகத்தில் உள்ள காலிக் கோப்புகள் அத்தனைக்கும் ஒரே ஹாஷ்தான்!

ஆனால் 'தெரிந்தது' என்றால் 'நல்லது' என்று நினைத்துவிடக் கூடாது. ஹேக்கிங் கருவிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. தவிர, 2017-இல் ஒரே ஷா-1 வரும்படி இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். 64 எழுத்து ஷா-256-உம் பட்டியலில் இருப்பதால் எனக்குக் கவலையில்லை.

மிச்சமிருந்ததில் அப்பா கிடைத்துவிட்டார். ஸ்கூட்டரில், கண்ணை மூடிக்கொண்டு. உடனே அண்ணனுக்கு போன் போட்டேன்.

"எல்லாம் கிடைச்சிடுச்சாடா?"

"உன்னோட கோப்பு ஒண்ணு விடாம இருக்குண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பத்தாவது மார்க் ஷீட்டை மட்டும் திறக்காதே."