நனோக்குழாயின் வலிமையும் கணினியின் சான்றும்

கண்ணுக்குப் புலனாகாப் பொருளின் வலிமையைக் கணக்கினால் அறிதல் கூடுமா என்னும் வினாவை ஆராய்தற்குக் காபன் நனோக்குழாய்கள் தக்கதொரு களமாக அமைந்துள்ளன. ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991 ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு இக்குழாய்களை விவரித்தார். காரீயத்தின் ஓரணுத் தகட்டைச் சுருட்டிப் பொருத்தினாற் போன்றது இவற்றின் சுவர். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நனோமீற்றர். அஃதாவது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இத்துணை நுண்ணிய பொருளைப் பற்றியிழுத்து முறித்துப் பார்த்தல் அரிது. ஆதலின், அணுக்களிடையுள்ள விசையைச் சூத்திரமாக வகுத்து, நியூற்றனின் விதிப்படி ஒவ்வோரணுவின் அசைவையும் கணினியாற் கணிக்கும் ஒப்புருவாக்க முறை கைக்கொள்ளப்பட்டது. இத்துறையில் யாக்கோப்சன், பிராபெக், பேண்கொல்க் ஆகிய மூவரும் 1996 இல் வெளியிட்ட கட்டுரை முதன்மை வாய்ந்தது.

அவர்கள் 6 நனோமீற்றர் நீளமுள்ள குழாயொன்றைக் கணினியில் நெருக்கினர். குழாய் ஏறத்தாழ 5 சதவீதம் குறுகியதும் அதன் சக்தி திடீரெனச் சற்றே வீழ்ந்தது. வடிவமும் மாறி மடிந்தது. மெல்லிய ஓடுகளைப் பற்றிப் பொறியியலார் வகுத்த பழைய கொள்கை இம்மடிப்புக்களுக்கும் பொருந்தியமையே வியத்தற்குரியது. அதே ஆண்டில் இஜிமாவும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், வளைந்த குழாய்களின் நுணுக்குக்காட்டிப் படங்களும் கணினி தந்த வடிவங்களும் ஒத்திருந்தன. இது முறையின் வெற்றியே.

எனினும், இக்கட்டுரையின் எண்களைத் தனித்தெடுத்து வழங்குதல் தவறு. ஓட்டுக் கொள்கை பொருந்துமாறு, சுவரின் தடிப்பு 0.066 நனோமீற்றர் எனவும், யங்கின் மட்டு 5.5 தெராபஸ்கால் எனவும் கொள்ளப்பட்டன. பிறரோ காரீயத் தகடுகளின் இடைவெளியாகிய 0.34 நனோமீற்றரைத் தடிப்பாகக் கொண்டு, மட்டு ஏறத்தாழ 1 தெராபஸ்கால் என்றனர். இது ஐந்து மடங்கு முரண்பாடு போலத் தோன்றும். ஆயின், தடிப்பையும் மட்டையும் பெருக்கிப் பார்ப்பின் இரண்டிலும் பெருக்கம் ஏறக்குறைய ஒன்றே. இழுவையை நிருணயிப்பது அப்பெருக்கமேயாம். வளைவிலோ தடிப்பின் மும்மடி புகுகின்றது. அங்கே 0.34 ஐக் கொண்டால் விறைப்பு இருபத்தைந்து மடங்குக்கு மேல் மிகைபடும். எனவே, தடிப்பைக் கூறாது மட்டை மாத்திரம் கூறுதல் பொருளற்றது.

முறிவினைப் பற்றிய கணிப்பிலுள்ள குறை இதனினும் பெரிது. தொடக்க ஆய்வுகள் பயன்படுத்திய பிரெனரின் 1990 ஆம் ஆண்டுச் சூத்திரம், அணுக்களின் தூரம் 0.17 இலிருந்து 0.20 நனோமீற்றர் வரை கூடும்போது பிணைப்பைப் படிப்படியாக அறுத்துவிடுகின்றது. இது கணிப்பின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, இயற்கையின் விதியன்று. அவ்வெல்லையில் விசை பொய்யாக உயர்கின்றது. குழாய் 30 சதவீதத்துக்கு மேலும் நீளும் என்ற முடிவு இதனால் ஐயத்துக்கிடமாயிற்று. பெலிச்கோவும் பிறரும் 2002 இல் இக்குறையை நீக்கிக் கணித்தபோது, ஒருவகைக் குழாய் 10 முதல் 15 சதவீத நீட்சியில், 65 முதல் 93 கிகாபஸ்கால் தகைப்பில் முறியுமெனக் கண்டனர்.

யூ என்பாரும் குழுவினரும் 2000 இல் பல சுவர்க் குழாய்கள் 19 ஐ உண்மையாகவே இழுத்து முறித்திருந்தனர். வெளிச்சுவரின் வலிமை 11 முதல் 63 கிகாபஸ்கால். நீட்சி 12 சதவீதத்துக்கு மேற்படவில்லை. நீட்சி கணிப்போடு இசைந்தது; வலிமையோ குறைந்தே நின்றது. ஆயினும், 2008 இல் குறைபாடு மிகக் குறைந்த குழாய்களைச் சோதித்த பெங்கும் பிறரும் ஏறத்தாழ 100 கிகாபஸ்கால் வலிமையைக் கண்டனர். ஆகவே, கணிப்புக்கும் சோதனைக்கும் முரண் நேர்ந்துழிக் கணிப்பே என்றும் பிழையாகும் எனவும் கொள்ளுதற்கில்லை.

சுருங்கக் கூறின், மடிப்பைப் பற்றிய முடிவு நிலைத்தமைக்குக் காரணம் அது சூத்திரத்தின் எல்லைக்குள் அடங்கியமையே. முறிவைப் பற்றிய முடிவு தளர்ந்தமைக்குக் காரணம் அது அவ்வெல்லையைக் கடந்தமையே. கணினி தன்னிடம் இட்ட சூத்திரத்தின் விளைவையே வழுவாது தருகின்றது. அச்சூத்திரம் மெய்யோ என்பதை அது அறியாது. அவ்வாராய்ச்சி மனிதனின் கடமையாகவே எஞ்சுகின்றது.