கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர்களோடு படம் பார்ப்பது

2021 பிப்ரவரியில் எச்பிஓ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ கேம் தொடராக வரப்போகிறது. தொற்றில் அழிந்த உலகில் ஒரு சிறுமியை அழைத்துச்செல்லும் ஜோயலாக பெட்ரோ பாஸ்கல், அந்தச் சிறுமி எல்லியாக பெல்லா ராம்சே. பாஸ்கல் விஷயத்தில் ரசிகர்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். மாட்டிக்கொண்டவர் ராம்சேதான். எல்லியின் சாயல் துளியும் இல்லை, இந்த முகத்தை எப்படி எல்லி என்று நம்புவது என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது 17 வயது. தொடரில் ஒரு காட்சிகூட எடுத்திருக்கவில்லை.

கேம் ஆடாதவர்களுக்கு இந்தக் கோபம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். நாவல் படமானால் வாசகர்கள் சண்டை போடுவது பழகிப்போன விஷயம், இதுவும் அதுபோலத்தானே என்று தோன்றும். முழுக்க அப்படியில்லை. நாவல் வாசகர் பாத்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். கேம் ஆடுபவர் விக்கிரமாதித்தன் கதையில் வருவதுபோலக் கூடு விட்டுக் கூடு பாய்கிறார். பத்துப் பதினைந்து மணி நேரம் ஜோயலின் உடம்புக்குள் இருக்கிறார். ஜோயல் மறைந்து நின்றால் மறைந்து நிற்பது அவர். கழுத்தை நெரித்தால் நெரிப்பது அவருடைய கட்டைவிரல். இப்போது யாரோ ஒரு நடிகர் வந்து அந்த உடம்பில் குடியேறுகிறேன் என்கிறார். வாடகைக்கு இருந்தவரானாலும் காலி பண்ணச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

இதைப் புரிந்துகொண்டால் கேம்களிலிருந்து வரும் படங்களையும் தொடர்களையும் வேறு கண்ணோடு பார்க்கலாம். ‘முகம் பொருந்துகிறதா?’ என்ற கேள்வி சீக்கிரமே சலித்துவிடும். அதைவிட நல்ல கேள்விகள் இரண்டு உண்டு. அந்த முகம் முதலில் எங்கிருந்து வந்தது? ஆடியவரின் கை செய்த வேலையைத் திரையில் யார், எதை வைத்துச் செய்கிறார்கள்?

முதல் கேள்விக்கு எளிய உதாரணம் மாரியோ. 1981இல் ‘டாங்கி காங்’ கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ அவனை வரைந்தபோது கையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிக்ஸல்கள்தான். அதில் வாய் வரைய முடியாது, மீசை வைத்தார். தலைமுடி வரைவது தொல்லை, தொப்பி போட்டார். அப்படிப்பட்டவனுக்கு எந்த நடிகரின் முகமும் பொருந்தாது, எந்த முகமும் துரோகமும் ஆகாது. 1993இல் பாப் ஹாஸ்கின்ஸ் நடித்த படம் தோற்றதற்கு அவர் முகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தப் படத்தின் இருண்ட, ஈரமான நகரத்துக்கும் மாரியோவின் உலகத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் மாரியோவுக்குக் குரல் உண்டு. 1990களிலிருந்து அது சார்லஸ் மார்ட்டினேயின் குரல். 2023 அனிமேஷன் படத்துக்கு கிறிஸ் பிராட் என்று அறிவித்ததும் ரசிகர்கள் பொங்கியது அதனால்தான். படக்குழு அதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது. படத்தின் தொடக்கத்தில் மாரியோ சகோதரர்கள் ஒரு டிவி விளம்பரத்தில் மட்டும் அந்தப் பழைய இத்தாலியத் தொனியில் பேசுகிறார்கள். அது கொஞ்சம் மிகையோ என்று கேட்கும்போது ‘பிரமாதம்’ என்று சொல்கிற ஆள் மார்ட்டினேயின் குரலில் பேசுகிறான். மாரியோவின் அப்பாவுக்கும் அவரே குரல் கொடுத்தார்.

எல்லியின் கதை வேறு. அவளுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு நடிகை இருக்கிறார். 2013இல் வெளியான கேமில் எல்லியின் குரலும் அசைவும் ஆஷ்லி ஜான்சனுடையவை. ஜோயலின் குரலும் அசைவும் டிராய் பேக்கருடையவை. உடம்பெல்லாம் மோஷன் கேப்சர் புள்ளிகள் ஒட்டிய உடையில் நின்று அவர்கள் காட்சி காட்சியாக நடித்தார்கள். எல்லியின் முகமும் கல்லில் வடித்ததல்ல; கேம் வெளிவருவதற்கு முன்பு, 2012இல், அதை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனமே முகத்தை ஒருமுறை மாற்றி, ஜான்சனின் சாயலுக்குக் கொஞ்சம் நெருக்கமாக்கியது. ஜான்சன் அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய பக்குவத்துக்கு மேல் 14 வயதுச் சிறுமியின் முகத்தைப் போர்த்தியதுதான் நாம் காதலித்த எல்லி. கணினியில் சாத்தியமான இந்த ஏமாற்று கேமரா முன்னால் சாத்தியமில்லை. 14 வயதென்று நம்பும்படி இருக்க வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால் சிரிப்பு வர வேண்டும். எட்டாவது எபிசோடில் கையில் கத்தியோடு அவள் செய்வதைப் பார்த்தால் குலை நடுங்க வேண்டும். ராம்சேயைத் தேர்ந்தெடுத்தவர்கள் முகத்தைத் தேடவில்லை, இந்த மூன்றும் சேரும் இடத்தைத் தேடினார்கள் என்பது என் ஊகம். நடிக்கும் முன் கேமை ஆட வேண்டாம் என்றும் அவரிடம் சொன்னார்கள். ஜான்சனைப் போலச் செய்துகாட்டும் எல்லி யாருக்கு வேண்டும்?

இனி முடிவுவரை கதையைச் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் முதல் சீசனைப் பார்த்துவிட்டு வருவது நல்லது, ஒன்பதே எபிசோடுகள்.

இரண்டாவது கேள்விக்கு முதல் எபிசோடைப் போல நல்ல பாடம் இல்லை. கேம் தொடங்கும்போது நம் கைக்கு வருவது ஜோயல் அல்ல, அவருடைய மகள் சாரா. நடு இரவில் தூக்கம் கலைந்து அப்பாவைத் தேடி அறை அறையாக நடக்கிறோம். பிறகு காரின் பின்சீட்டில் அவளாக உட்கார்ந்து, எரியும் ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். விபத்துக்குப் பிறகு சட்டென்று நாம் ஜோயல். சாரா நம் கையில். கொஞ்ச நேரத்தில் அவள் சாகிறாள். சற்று முன்வரை நாமாக இருந்தவள் என்பதால்தான் அந்தச் சாவு அப்படி அடிக்கிறது.

தொடரில் கண்ட்ரோலர் கிடையாது. தொடரை உருவாக்கிய கிரெய்க் மேசினும் கேமை எழுதிய நீல் டிரக்மனும் அதற்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் கேமரா சாராவை விட்டு நகர்வதில்லை. காலைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கடைக்குப் போவது, பக்கத்து வீட்டில் மாலைப்பொழுது. ஒன்றுமே நடக்காத நாள். கேமை அறியாதவர் இதுதான் கதாநாயகி என்று நினைத்துவிடுவார்; அதுதான் திட்டம். நிக்கோ பார்க்கர் கேமில் வரும் சாராபோல இல்லை, தோல் நிறம் வேறு, முடி வேறு. அவள் இறக்கும்போது அது யாருக்காவது நினைவில் இருந்ததா? எனக்கு இல்லை.

அடுத்து ஜோயலின் உடம்பைக் கவனியுங்கள். கேமில் அவர் கிட்டத்தட்டச் சாகாவரம் பெற்றவர். குண்டு பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிடலாம், செத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். பாஸ்கலின் ஜோயலுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறி நிற்கிறார், முட்டி வலிக்கிறது. ‘எங்கள் ஜோயல் இப்படி நொய்ந்தவர் இல்லை’ என்று சிலர் குறைபட்டார்கள். அவர் பலமாக இருந்தது நாம் உள்ளே இருந்ததால். நாம் இறங்கிவிட்ட பிறகு மிஞ்சுவது ஐம்பதைத் தாண்டிய ஒரு கட்டட வேலைக்காரர்.

மூன்றாவது எபிசோடைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. கேமில் பில் ஊரெல்லாம் பொறி வைத்துக்கொண்டு வாழும் சிடுமூஞ்சி. அவருடைய துணை ஃபிராங்க் தூக்கில் தொங்கும் பிணமாகவும் வெறுப்பு ததும்பும் ஒரு கடிதமாகவும் மட்டுமே வருகிறார். அங்கே சண்டை போடுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தொடருக்கு அது வேண்டாம், ஆகவே நிக் ஆஃபர்மனும் மர்ரே பார்ட்லெட்டும் அந்த இடத்தில் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்பதாவது எபிசோடுக்கு வருவோம். சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை. எல்லியின் மூளையிலிருந்து தொற்றுக்கு மருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். எடுத்தால் அவள் பிழைக்கமாட்டாள். கேமில் அறுவை அறைக்குள் நுழைந்ததும் டாக்டர் ஒருவர் சிறு கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நாம் ஒன்றும் செய்யாமல் நின்று பார்க்கலாம். அவரைக் கொல்லாமல் கதை நகராது. ஜோயல் செய்வது தப்பு என்று நினைப்பவரும் பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும். வீடியோ கேமால் மட்டுமே முடிகிற குரூரம் இது. தொடர் இதைப் போலச் செய்ய முயலவில்லை. ஜோயல் தாழ்வாரங்களில் சுட்டுக்கொண்டே போகும்போது துப்பாக்கிச் சத்தம் அமுங்கிவிடுகிறது, கஸ்டாவோ சான்டோலாயாவின் இசை மட்டும் மேலே ஓடுகிறது. கேமுக்கும் இசையமைத்தவர் அவர்தான். சரணடைந்தவனையும் சுடுகிறார். பாஸ்கலின் முகத்தில் கோபம்கூட இல்லை. கேம் நம்மைக் கூட்டாளி ஆக்கியது. தொடர் சாட்சி ஆக்குகிறது. எது மேல் என்று கேட்டால் நான் கேமின் பக்கம். ஆனால் அந்த வெற்று முகத்தை எந்தக் கணினியும் இதுவரை எனக்குக் காட்டியதில்லை.

இதே எபிசோடின் தொடக்கத்தில் ரசிகர்களுக்கென்றே ஒரு நடிகர் தேர்வு இருக்கிறது. எல்லியைப் பெற்றெடுக்கும் அன்னாவாக நடிப்பவர் ஆஷ்லி ஜான்சன். பழைய எல்லி, புதிய எல்லியைப் பெற்று, கையில் கொடுத்துவிட்டுச் சாகிறாள். வாங்கிக்கொள்ளும் தோழி மார்லீன் கேமிலும் தொடரிலும் ஒருவரே, மெர்லி டான்ட்ரிஜ். டிராய் பேக்கரும் எட்டாவது எபிசோடில் வருகிறார், எல்லியைப் பிடித்துவைத்திருக்கும் கூட்டத்தில் ஒருவராக. கேமின் நடிகர்களைக் கொண்டுவந்து கௌரவிப்பது இப்போது சடங்காகிவிட்டது. ‘அன்சார்ட்டட்’ படத்தில் நோலன் நார்த் கடற்கரையில் எட்டிப்பார்ப்பது ஒரு கைதட்டலுக்காக மட்டும். அன்னாவின் பிரசவம் அப்படியில்லை. கதையும் அதைக் கேட்கிறது.

ரசிகர்களின் எதிர்ப்பு எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் கடைசியில் வந்த ‘சானிக்’ ட்ரெய்லரில் அந்த நீல முள்ளெலிக்கு மனிதப் பல் வைத்திருந்தார்கள். ரசிகர்கள் அலறினார்கள், இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் மாற்றுவதாக ஒப்புக்கொண்டார், படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போய் நன்றாக ஓடியது. ஆனால் அங்கே மாறியது வரைகலை. ஒரு பொம்மையின் பல்லைக் குறை சொன்னதற்கும் 17 வயதுப் பெண்ணின் முகத்தைக் குறை சொன்னதற்கும் உள்ள தூரம் பலருக்குப் புரியவில்லை. ‘பார்டர்லேண்ட்ஸ்’ படத்தில் கேட் பிளான்செட், கெவின் ஹார்ட் என்று பெரிய பெயர்களைப் பார்த்ததுமே ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள்; 2024இல் படம் வந்து அவர்கள் பட்ட சந்தேகத்தை மெய்யாக்கியது. ‘ஃபால்அவுட்’ இந்தத் தலைவலியே வேண்டாமென்று கேமின் உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய ஆட்களை உலவவிட்டது. தந்திரம்தான், ஆனாலும் வால்டன் காகின்ஸ் மூக்கில்லாத முகத்தோடு நடந்துவரும்போது தந்திரமாவது ஒன்றாவது என்றாகிவிடுகிறது.

ரசிகர்கள் பக்கம் பாதி நியாயமாவது இருக்கிறது என்று எனக்குப் படும் தேர்வு அபி. 2020இல் வந்த இரண்டாம் கேமில் அபி மலைபோன்ற தோள்களோடு வருகிறாள். மருத்துவமனையில் நாம் கொன்ற அந்த டாக்டரின் மகள். அவளுக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாத்திரத்தின் மேல் உள்ள ஆத்திரத்தை நடித்தவர்மேல் கொட்டும் ஆட்கள் எங்கும் உண்டு. 2025இல் தொடரின் இரண்டாம் சீசனில் அபியாக வந்தவர் கைட்லின் டெவர், மெலிந்த உடம்புக்காரர். எல்லியும் அபியும் ஆடும் விதத்தில் வேறுபட வேண்டும் என்பதற்காகவே கேமில் அந்த உடம்பு தேவைப்பட்டது, தொடரில் அதற்கு அத்தனை வேலையில்லை என்று டிரக்மன் விளக்கினார். விளக்கம் சரிதான், முழுமையில்லை. கேமில் அந்தத் தோள்களே ஒரு கதை. அப்பாவைக் கொன்றவனைத் தேடி நான்கு வருடம் ஒரு பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது, அவள் வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். டெவர் அதைக் கண்ணிலும் பேச்சிலும் கொண்டுவர வேண்டியிருந்தது. பனி மூடிய விடுதி அறையில் ஜோயலை முன்னால் போட்டுக்கொண்டு அவர் பேசும் நீளமான பேச்சு அதற்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே அவர் குரல் எங்கே உடைகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

உண்மையான சோதனை இனிமேல்தான். இரண்டாம் கேமின் பாதியில் கண்ட்ரோலர் எல்லியிடமிருந்து அபிக்குக் கைமாறும். வெறுத்த உடம்புக்குள் நுழைந்து, சியாட்டிலின் அதே மூன்று நாட்களை மறுபடி வாழ்ந்து, கடைசியில் ஒரு தியேட்டருக்குள் எல்லியை நம் கையாலேயே அடிக்க வேண்டும். கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனவர்கள் உண்டு. தொடரின் இரண்டாம் சீசன் சரியாக அந்தத் திருப்பத்தில், அபி கண்விழித்து எழுந்து ஸ்டேடியத்தைப் பார்க்கும் இடத்தில் நிற்கிறது. மூன்றாவது சீசன் வந்ததும் முதல் எபிசோடில் எத்தனை சண்டை என்று பார்க்காதீர்கள். சாராவுக்குக் கொடுத்ததுபோல, ஒன்றும் நடக்காத ஒரு நாளை டெவருக்குக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.