நடுகல்லும் பெயர்ச் சுவரும்

போரில் மடிந்த முன்னோரைத் தேடும் முயற்சி மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்று காணப்படுகிறது. “பாட்டனார் பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை” என்பதே பல வீடுகளில் எஞ்சிய வரலாறு. இவ்வொரு வாக்கியத்தை ஆராய்தற்கு உரிய அளவுகோல் நம் மரபிலேயே உண்டு. அதனைக் கொண்டு மூவார்ப் போரையும், போருக்குப்பின் எழுந்த நினைவுச் சின்னங்களையும் ஈண்டு நோக்குவோம்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் கூறினார். தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் அவை முடிகின்றன. இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் பலவற்றுக்கு இந்நிலைகளின் பெயர்களே அமைந்துள்ளன. இது ஏட்டு வழக்கு மட்டுமன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, வீரன் பெயர், அவன் ஊர், அவன் பட்ட இடம், அது ஆகோள் பூசல் என்னும் செய்தி ஆகியவற்றை மிகச் சில சொற்களில் அடக்கிவிடுகிறது. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களோ மன்னனின் ஆட்சியாண்டையும் சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே நடுகல் என்பது நான்கு வினாக்களுக்கு விடை எனலாம்: யார்? எவ்வூரான்? எங்கே, எப்போது பட்டான்? எதன்பொருட்டுப் பட்டான்?

இனி மூவாருக்கு வருவோம். 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியரின் அரசகாவற் படைப்பிரிவு மூவார் ஆற்றைக் கடந்தது. அதனை எதிர்த்து நின்றது 45-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அது மலாயாவில் இறங்கியது. அதன் சிப்பாய்களுள் பெரும்பாலோர் போதிய பயிற்சி பெறாத இளைஞர். பக்ரியில் ஆஸ்திரேலியப் படைகளோடு சேர்ந்து போரிட்டு, பாரிட் சூலோங் பாலம் வரை பின்வாங்கினர். அங்கே விட்டுச்செல்லப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியரும் ஜனவரி 22 அன்று கைதிகளாய்க் கொல்லப்பட்டனர். அக்கொலைக்குப் பொறுப்பாளர் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட தளபதி நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மூவாரில் மடிந்த இந்தியச் சிப்பாய் என்றவுடன் தமிழன் என்று கொள்வது பிழை. அப்பிரிகேட்டின் மூன்று பட்டாளங்களும் ராஜபுதன ரைபிள்ஸ், ஜாட், கார்வால் ரைபிள்ஸ் என்னும் வடநாட்டுப் படையணிகளைச் சேர்ந்தவை. ஊரில் நடந்த போரும் வீட்டில் நேர்ந்த சாவும் காலப்போக்கில் ஒரே கதையாகிவிடுதல் இயல்பு. எனவே முதற்கண் கேட்கத்தக்கது, “எந்தப் படை?” என்பதே.

பிரிட்டிஷ் இந்தியப் படையெனில், 1957-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்தை நாடலாம். கல்லறை அறியப்படாத 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் உள்ளன. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் தருகிறது. நம் நான்கு வினாக்களுள் முதல் மூன்றுக்கு இங்கே விடையுண்டு. எதன்பொருட்டு என்பதற்கு மட்டும் சுவர் மௌனம் சாதிக்கிறது. அன்றியும், பெயர் இல்லாமையை ஆள் இல்லாமையாகக் கொள்ளலாகாது. முதல் உலகப் போரில் மடிந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர் குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை என்பதை அவ்வாணையத்தின் குழுவே 2021-இல் ஒப்புக்கொண்டது.

இந்திய தேசிய இராணுவமெனில் நிலைமை தலைகீழ். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் அப்படையில் சேர்ந்த பொதுமக்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பலர். 1945 ஜூலை 8 அன்று நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது பெயரறியா வீரனுக்கு எடுத்த கல். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று சொற்களே அதிற் பொறிக்கப்பட்டன. எதன்பொருட்டு என்பது அங்கே விளங்கிற்று. யார் என்பது விளங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் அக்கல்லையும் தகர்த்தனர். அது நின்ற இடத்தில் 1995-இல் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது.

ஒரு சுவரில் பெயருண்டு, நோக்கமில்லை. ஒரு கல்லில் நோக்கமுண்டு, பெயரில்லை. பெயர் மட்டும் எஞ்சினால் அது கணக்கு. புகழ் மட்டும் எஞ்சினால் அது கதை. இரண்டும் கூடினாலன்றி நடுகல் ஆகாது.

இக்குறையை நிரப்பத் தமிழாசிரியர்க்குத் தனித்தகுதி உண்டு. உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்ததுபோல, ஒரு குடும்பத்தின் மூன்று கிளைகளில் வழங்கும் கதைகளை மூன்று ஏடுகளாகக் கொண்டு ஒப்பிடலாம். கண்டவர் சொன்னது எது, கேட்டவர் சேர்த்தது எது என்று பிரித்தெழுதலாம். புறப்பட்ட ஆண்டு 1941-ஆ, 1943-ஆ என்பதொன்றே படையைக் காட்டிவிடும். உரோமன் எழுத்துப் பதிவேட்டில் ழகரம் லகரமாகவும், நெடில் குறிலாகவும், தந்தை பெயர் தன் பெயராகவும் மாறியிருக்கும். அம்மாற்றங்களை அறிந்து தேட எழுத்திலக்கணம் கற்றவரே வல்லர். பாட்டிமார் பாடிய ஒப்பாரியில் ஊர்ப்பெயரும் முறைப்பெயரும் ஒளிந்திருத்தல் கூடும், அதையும் தள்ளலாகாது.

ஒன்றுமட்டும் கடமையாகும். சான்று கிடைக்காத இடத்தில் பாட்டனாரைத் தளபதியாக்கிவிடக் கூடாது. நடுகல் எழுதிய பழந்தமிழன் மாடு மீட்கப் போனவனை நாடு வென்றவன் என்று எழுதவில்லை. உள்ளதை எழுதினான், அதனாலேயே ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அதனை நம்புகிறோம்.